ஒரே சொல், இரண்டு எழுத்து, ஒரு மூளை

படிக்கத் தெரிந்த எவருடைய மூளையிலும், இடது பக்கத்தின் பின்புற அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் உண்டு. கண் எழுத்தைப் பார்த்ததும் அது வேலையைத் தொடங்கிவிடும். மனிதன் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. வாசிப்புக்கென்று தனி உறுப்பு உருவாகப் பரிணாமத்துக்கு அந்தக் காலம் போதாது. அதனால், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணப் பயன்பட்ட பகுதியில் ஒரு பங்கை எழுத்து தனதாக்கிக்கொண்டது என்கிறார் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன்.

அப்படியானால் ஒலியைக் காட்டும் எழுத்தையும் பொருளைக் காட்டும் எழுத்தையும் மூளை ஒரே மாதிரியாகவா படிக்கிறது? சீனரையும் ஆங்கிலேயரையும் ஒப்பிட்டால் விடை தெளிவாக வராது. மொழி வேறு, பள்ளிக்கூடம் வேறு. கொரியாவில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரே ஆளால், ஒரே சொல்லை, இரண்டு எழுத்தில் படிக்க முடியும்.

ஒன்று ஹங்குல். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்தது. இன்று அடிப்படை எழுத்துகள் 24. 'ந' ஒலிக்கான எழுத்து, அதைச் சொல்லும்போது நாக்கு வளையும் வடிவத்திலேயே இருக்கும். இந்த எழுத்துகள் வரிசையாக நிற்பதில்லை. இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு சேர்ந்து ஓர் அசைக்கு ஒரு கட்டமாக அடுக்கப்படுகின்றன. இன்னொன்று ஹஞ்சா, அதாவது சீன எழுத்து. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தென்கொரியப் பள்ளிகளுக்கென 1972இல் வகுத்த பட்டியலில் மட்டும் 1,800 உண்டு. 'உய்சா' என்று ஹங்குலில் எழுதினால் மருத்துவரா, நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரரா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். ஹஞ்சாவில் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இதை வைத்து 'ஹங்குல் இடது மூளைக்கு, ஹஞ்சா வலது மூளைக்கு' என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அது தவறு. அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியவை, சீன எழுத்துகளையும் பயன்படுத்தும் ஜப்பானில் 1970களில் நடந்த சோதனைகள். சீன எழுத்து ஒன்றை மட்டும் கண நேரம் காட்டினால், வலது மூளைக்குச் செல்லும் இடப்புறப் பார்வை அதை நன்றாகப் பிடித்தது. ஆனால் அத்தகைய இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல்லைக் காட்டியபோது நிலைமை மாறி, இடது மூளையே முந்தியது.

இதைவிட வலுவான சான்று நோயாளிகளிடமிருந்து வருகிறது. 2002இல் கொரிய மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் இடது பொட்டுப் பகுதியில், பின்புற அடிப்பாகத்துக்கு ரத்தம் போகாமல் அவ்விடம் பாதிக்கப்பட்டிருந்தது. அவரால் ஹஞ்சாவைப் படிக்கவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. ஹங்குல் தங்கிவிட்டது. ஹஞ்சா வலது மூளையில் குடியிருந்தால் இடதில் விழுந்த அடி அதை எப்படி அழிக்கும்?

ஸ்கேன் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இது: வாசிப்பின் தலைமையிடம் எல்லா எழுத்துக்கும் இடது பக்கமே. கோடுகள் நெருங்கிய சீன எழுத்துகளுக்கு வலப்பக்கக் காட்சிப் பகுதியும் கூடுதலாகத் துணைக்கு வருகிறது. வேறுபடுவது பாதை. ஹங்குல் ஒலி வழியாகப் பொருளை எளிதில் அடைய விடுகிறது. ஹஞ்சா உருவத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழியை அதிகம் நம்பியிருக்கிறது. எந்தப் பாதை அறுந்ததோ அந்த எழுத்து அதிகம் பாதிக்கப்படுகிறது. பக்கவாதத்துக்குப் பின் கொரியருக்கு வாசிப்புப் பயிற்சி தருபவர்கள் இரண்டு எழுத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இந்த ஆய்வுக்கு அவகாசம் குறைந்துகொண்டே போகிறது. வடகொரியா 1940களின் இறுதியிலேயே ஹஞ்சாவைக் கைவிட்டது. தெற்கில் 1988இல் தொடங்கிய ஹான்க்யோரே நாளிதழ் முதல் இதழிலிருந்தே ஹங்குலில் மட்டும் வந்தது. மற்ற நாளிதழ்களிலும் ஹஞ்சா தேய்ந்துபோனது. இரண்டு எழுத்தும் கலந்த செய்தித்தாளைத் தினமும் சரளமாகப் படித்து வளர்ந்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய வாசிப்பை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்துவிட வேண்டும்.