வாசலில் நிற்கும் விதி: விக்கிப்பீடியாவின் வடிகட்டிகள் குறித்து

'யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்' என்ற முழக்கத்தோடு 2001 ஜனவரியில் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா குறித்து நம்மிடையே இரண்டு விதமான சொல்லாடல்கள் உலவுகின்றன. மையமற்ற அறிவு உற்பத்தி என அதைக் கொண்டாடுவது ஒன்று. "எல்லாம் சும்மா, அங்கேயும் பத்துப் பேர் உக்காந்துக்கிட்டு அடுத்தவனை எழுத விடுறதில்ல" என ஒதுக்கித் தள்ளுவது இன்னொன்று. ஒரு திருத்தம் அங்கே எவ்வாறு அனுமதிக்கப்படுகிறது, எவ்வாறு மறுக்கப்படுகிறது என்ற நடைமுறையை இரு தரப்பாருமே பார்ப்பதில்லை. நுண் அளவில் அதிகாரம் குடியிருப்பது அங்கேதான் என்பதால் அதை விளக்க முயல்கிறேன்.

ஒருவர் கட்டுரையொன்றைத் திருத்திவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். திருத்தம் பக்கத்தில் ஏறுவதற்கு முன்பாகவே, ஏற்கனவே எழுதிவைக்கப்பட்ட விதிகள் அதைப் பரிசோதிக்கின்றன. எழுதியவர் இதுவரை எத்தனை திருத்தங்கள் செய்திருக்கிறார், கட்டுரையின் அளவு எவ்வளவு குறைந்திருக்கிறது, சேர்த்த வரிகளில் இன்ன சொல் இருக்கிறதா என்பன போன்ற கேள்விகள். 'பதிவு செய்யாத ஒருவர் பெரிய கட்டுரையொன்றை ஏறக்குறைய வெற்றிடமாக்கினால்' என்பது இத்தகைய விதிக்கு ஓர் உதாரணம். நிபந்தனைகள் பொருந்தினால் விதி செயல்படும். பதிவேட்டில் குறித்துக்கொள்வதோடு நிற்கலாம், பிறர் கவனிப்பதற்காக அடையாளம் இடலாம், எழுதியவரை எச்சரிக்கலாம், அல்லது திருத்தத்தை அடியோடு மறுக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இது 2009 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மென்பொருளின் பெயர் 'முறைகேட்டு வடிகட்டி'. ஆங்கில விக்கிப்பீடியர்களோ அதைத் 'தொகுப்பு வடிகட்டி' என்றே அழைக்கிறார்கள். சிக்குவதெல்லாம் முறைகேடு அல்ல என்ற ஒப்புதலை இந்தப் பெயர் மாற்றத்தில் வாசிக்கலாம்.

வடிகட்டி என்றாலே தணிக்கைதான், ஆகவே வேண்டாம் என்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடையற்ற வெளி எல்லோருக்கும் சமமான வெளியாக இருந்துவிடுவதில்லை. ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றிய பக்கத்தில் ராத்திரி முழுக்க வசவு எழுதிக்கொண்டிருக்க ஒருவனுக்கு ஒரு கணினி போதும். அதைத் துடைக்கச் சம்பளமில்லாத நாலு பேர் தூக்கம் கெட்டு உட்கார வேண்டும். இந்தச் சுரண்டலைக் குறைக்கிற அளவில் வடிகட்டி தேவையானதுதான்.

ஆனால் வடிகட்டிக்கு உண்மை தெரியாது, உருவம் மட்டுமே தெரியும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலருக்குக் கென்னடி சகோதரர்களின் கொலையில் தொடர்பிருக்கலாம் என ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்த பொய், 2005இல் நான்கு மாதங்கள் விக்கிப்பீடியாவில் அப்படியே கிடந்தது. அதில் கெட்ட வார்த்தை இல்லை. இன்றைய வடிகட்டியையும் அத்தகைய பொய் சுலபமாகத் தாண்டிவிடும். நாகரிகமான பொய் உள்ளே போக, கோபத்தோடு எழுதப்பட்ட உண்மை வாசலில் நிற்க நேர்வது இந்தக் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது.

2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வசவுகளைத் தடுக்கும் விதியொன்றை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'நாயே' என்ற எழுத்துத் தொடரைத் தடுத்தால், மாணிக்கவாசகர் தன்னை 'நாயேன்' என்று சொல்லிக்கொள்வதைத் திருவாசகக் கட்டுரையில் எழுத முடியாது. விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டே வரும் மொழியில், ஒரு சொல் எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குச் சொல்வதே தனி வேலை.

இதைவிடச் சிக்கலானது இன்னொன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக ஏந்திய எதிர்ச் செயல்பாடு அது. இச்சொல்லைச் சாதி வசையாகக் கருதித் தடுக்கும் விதி நல்லெண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் வசைபாட வரும் சாதி இந்துவோடு சேர்த்து, தன் வரலாற்றை எழுத வரும் தலித்தையும் அது நிறுத்திவிடும். அதிலும் பல விதிகள் புதியவர்களை மட்டுமே சோதிப்பவை. பழைய பயனர்களுக்கு விலக்கு உண்டு. ஆக, இதுவரை எழுதியவர்களுக்குத் திறக்கிற கதவு, முதல்முறை எழுத வருகிறவரின் முகத்தில்தான் சாத்தப்படுகிறது.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரப் பங்களிப்பாளர்களின் எண்ணிக்கை 2007க்குப் பிறகு சரியத் தொடங்கியது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டதையும், அதில் தானியங்கிக் கருவிகளுக்கு இருந்த பங்கையும், ஆரோன் ஹாஃபேக்கரும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது.

ஃபூக்கோ பேசிய கண்காணிப்புக் கோபுரத்தை இங்கே பொருத்திப் பார்ப்பது நமக்குப் பழகிய வழி. எனக்கு அது முழுவதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. கோபுரம் மனிதரைத் திருத்தப் பார்க்கிறது; வடிகட்டிக்கு அந்த அக்கறை கிடையாது. தெலூஸ் 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றி எழுதியபோது, கத்தாரி கற்பனை செய்த நகரம் ஒன்றைக் குறிப்பிட்டார். அங்கே ஒருவர் கையிலிருக்கும் மின் அட்டை ஒரு நாள் தடுப்பைத் திறக்கும்; மறுநாள் அதே அட்டைக்கு அது திறக்காது. வடிகட்டியும் அப்படித்தான். "ஏன் திறக்கல?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறதா என்பதே அரசியல் கேள்வி.

எனவே வடிகட்டியை நிர்வகிப்பது என்பது கேட்பாருக்குப் பதில் சொல்லும் ஏற்பாட்டை நிர்வகிப்பதே. அவசரம் இல்லாதபோது, புதிய விதியை முதலில் தடுக்கும் அதிகாரமின்றிப் பதிவேட்டில் குறிக்க மட்டும் விடுகிறார்கள். அந்தக் குறிப்புகளை மனிதர்கள் உட்கார்ந்து படித்து, தவறாகச் சிக்கியவற்றைக் கண்டு, விதியைக் குறுக்க வேண்டும். அடுத்த நிலை எச்சரிக்கை. எச்சரிக்கப்பட்டவர் மறுபடி பொத்தானை அழுத்தினால் திருத்தம் ஏறிவிடும். அதாவது உரையாடலுக்கு இன்னும் இடமிருக்கிறது. மறுப்பு கடைசி நிலை. மறுக்கும்போது காரணத்தையும் முறையிடும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். தவறான பிடிப்புகளை முறையிட ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிப் பக்கமே உண்டு.

சில விதிகள் மறைத்து வைக்கப்படுகின்றன. குறிப்பிட்ட உரிமை உள்ளவர்கள் மட்டுமே பார்க்கலாம். விதியைப் படித்துவிட்டு விஷமி சுற்றிக்கொண்டு போய்விடுவான் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் எழுதப்பட்டிருப்பது என்னவென்றே தெரியாத சட்டத்தை எதிர்த்து ஒருவர் எப்படி வாதாடுவது? மறைவு விதிகள் குறைவாக இருக்க வேண்டும், குறித்த காலத்தில் மறுபரிசீலனைக்கு வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. விஷமி போய்ப் பல வருஷமாகியும் அவனுக்காகப் போட்ட பூட்டு தொங்கிக்கொண்டே இருந்தால், அதில் மாட்டுவது வேறு யாரோதான்.

'உங்கள் திருத்தம் மறுக்கப்பட்டது' என்ற வாக்கியத்தில் எழுவாய் காணாமல் போயிருக்கிறது. மறுத்தது யார்? ஒவ்வொரு விதிக்கும் மாற்ற வரலாறு இருக்கிறது. அதில் எழுதியவரின், மாற்றியவரின் பயனர் பெயர் இருக்கிறது. இயந்திரத்தின் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை, நேற்று வந்து சேர்ந்தவருக்கும் இருக்க வேண்டும்.