‘அப்ளை’ என்றால் விண்ணப்பிப்பது மட்டுமா?

“சர்ட்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணியாச்சு”, “வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கான்” என்று நம் வீடுகளில் நாளும் பேசுகிறோம். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நாம் அடிக்கடி சந்திக்கும் பொருள்கள் மூன்று. மூன்றையும் தெரிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு நல்லது.

1. விண்ணப்பித்தல்

‘அப்ளை ஃபார்’ என்றால் எதைக் கேட்கிறோம் என்பது. ‘அப்ளை டு’ என்றால் யாரிடம் கேட்கிறோம் என்பது. அப்ளை பண்ணியாச்சு என்றால் மனு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். ‘அப்ரூவ்டு’ என்று வந்தால்தான் ஏற்கப்பட்டதாக அர்த்தம். அதுவரை இ-சேவை மையம் தரும் ஒப்புகைச் சீட்டையும் அதிலுள்ள எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

2. தடவுதல்

உப்பளத்தில் நின்று வெடித்த காலுக்கு வாங்கும் களிம்பின் மேல் ‘அப்ளை’ என்று இருந்தால், அந்த இடத்தில் தடவ வேண்டும் என்று பொருள். ‘எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்றும் இருந்தால் வெளிப்பூச்சுக்கு மட்டும், வாயில் படக்கூடாது.

3. பொருந்துதல்

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கண்டிஷன்ஸ் அப்ளை’ என்று இருக்கும். மேலே சொன்ன சலுகை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதே அதன் பொருள். கடன் என்றால் அந்த நிபந்தனைகளைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவைக் காட்டும் விவரத் தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். இது 1.10.2024 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

படிவங்களில் ‘இஃப் அப்ளிக்கபிள்’ என்றால் ‘உங்களுக்குப் பொருந்தினால்’. ‘என்.ஏ.’ என்றால் ‘பொருந்தாது’. இங்கேதான் பெரிய இழப்பு நேர்கிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலுள்ள முஸ்லிம்களுக்கு 2007 முதல் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், தக்னி, ஷேக், சையது ஆகியோர் அந்தப் பட்டியலில் உண்டு. பொருள் தெரியாமல் சாதிச் சான்று கேட்கும் கட்டத்தில் ‘என்.ஏ.’ என்று எழுதினால், பிள்ளை தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். ‘பி.சி.எம்.’ சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

புரியாத படிவம் எதுவாக இருந்தாலும் நிரப்பும் முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.