நைஜீரிய மகளிர் ஒப்பனை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. ஒருவர் வாய் திறந்து பேசுவதற்கு முன்னரே, அவர் உடுத்த உடையும் முடித்த கூந்தலும் அவரைப்பற்றிச் சில செய்திகளை நமக்கு அறிவித்துவிடுகின்றன. அவர் எந்த நாட்டினர், எந்த இனத்தினர், விழாவிற்குச் செல்கின்றாரா, வேலைக்குச் செல்கின்றாரா என்பனவற்றை அவற்றால் ஓரளவு உணரலாம். இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது நைஜீரிய நாட்டு மகளிரின் அன்றாட வாழ்க்கையாகும்.

நைஜீரியா, ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. அக்கண்டத்தில் மக்கள்தொகை மிகுந்த நாடு அதுவே. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். வடக்கே ஹௌசா, புலானி இனத்தவரும், தென்மேற்கே யோருபா இனத்தவரும், தென்கிழக்கே இக்போ இனத்தவரும் மிகுதியாக உள்ளனர். இவர்களேயன்றி வேறு பல இனத்தவரும் உளர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இம்மக்கள் 1960ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று ஆங்கிலேயர் ஆட்சியினின்றும் விடுதலை பெற்றனர்.

யோருபா மக்கள் உடலுறுப்புகளுள் தலையையே முதன்மையானதாகப் போற்றுகின்றனர். அவர்கள் மொழியில் தலையைக் குறிக்கும் 'ஓரி' என்னும் சொல், ஒருவருடைய ஊழையும் குறிக்கும். கண்ணுக்குத் தெரியும் புறத்தலை ஒன்றும், வாழ்வை வகுக்கும் அகத்தலை ஒன்றும் ஒவ்வொருவர்க்கும் உண்டு என்பது அவர்தம் பண்டை நம்பிக்கை. ஆதலின், தலையை அழகுறப் பேணுதல் அவர்கட்கு வீண் பகட்டு அன்று. தம்மைத் தாமே மதிக்கும் செயலாகும். முற்காலத்தில் சீவாத தலையோடு ஒரு பெண் வெளியே வந்தால், அவளுக்கு என்ன துன்பம் நேர்ந்ததோ என்று அயலார் கவலையுறுவர்.

அந்நாட்டு மகளிரின் தலைமயிர் இயல்பாகவே நெருங்கிச் சுருண்டு வளர்வது. பின்னிய வடிவத்தில் நெகிழாது நிற்கும் திறம் அதற்கு உண்டு. அதனை ஒழுங்குசெய்யும் முறைகளுள் இரண்டு சிறந்தவை. ஒன்று, கையால் பின்னுதல். சீப்பின் கூரிய முனையால் தலையை வகிடு வகிடாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தலையோடு ஒட்டியவாறே பின்னிச் செல்வர். பின்னி முடித்த தலை, வரப்பிட்ட வயல்போல் தோன்றும். மற்றொன்று, கருநூலால் சுற்றுதல். சிறு சிறு கற்றைகளாக மயிரைப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை நூலை இறுகச் சுற்றுவர். அவ்வாறு சுற்றிய கற்றை கம்பிபோல் நிமிர்ந்து நிற்கும். பின்னர், அக்கற்றைகளை வளைத்தும் இணைத்தும் வளைவுகளாகவும் கோபுரங்களாகவும் அமைப்பர்.

இக்கலையில் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. தன் பிடரியைத் தானே காணுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின், இத்தகைய பின்னலைப் பெரும்பாலும் பிறர் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். சிறுமி பாயிலோ தாழ்ந்த மணையிலோ அமர்ந்து, தாயின் முழங்கால்களுக்கு இடையே தலை சாய்ப்பாள். தாய் இல்லையெனில் அக்கையோ, சிற்றன்னையோ, அண்டை வீட்டுப் பெண்ணோ பின்னிவிடுவர். நுண்ணிய பின்னலாயின் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் வாய் வாளா இருக்குமா? ஊர்ச் செய்திகள் பேசப்படும், பழங்கதைகள் சொல்லப்படும், பிழை செய்த சிறுமிக்கு அறிவுரையும் கிடைக்கும். கூந்தல் பின்னப்படும்பொழுதே உறவும் பின்னப்படுகின்றது. இதனையே தொழிலாகக் கொண்ட மகளிர் சந்தைகளில் மணையிட்டு அமர்ந்து, வருவோர்க்குப் பின்னிவிட்டுப் பொருள் ஈட்டுகின்றனர்.

பின்னல் வகைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் சுவை மிக்கவை. எல்லாப் பின்னல்களையும் உச்சியை நோக்கி ஏற்றிக் கூடைபோல் முடிப்பது 'ஷூக்கு' எனப்படும். இருபுறத்துப் பின்னல்களும் நடுத்தலையில் வந்து கூடுவது 'பத்தேவோ'. கைகளைத் தட்டு என்பது அதன் பொருள். இரு கைகள் கூடும் காட்சியை அப்பின்னலில் அவர்கள் கண்டனர் போலும்! பன்றியின் பிடரியை நினைவூட்டும் பின்னல் ஒன்றிற்கு 'இபாக்கோ எலேடே' என்பது பெயர். அழகிய ஒப்பனைக்குப் பன்றியின் பெயரை இடுவதில் அவர்களுடைய நகைச்சுவை புலனாகின்றது. நாட்டில் புதுமைகள் தோன்றியபொழுது கூந்தலிலும் புதுமைகள் தோன்றின. லாகோஸ் தீவைத் தலைநிலத்தோடு இணைக்கும் ஏக்கோ பாலம் கட்டப்பட்ட காலத்தில், அப்பாலத்தின் பெயராலேயே ஒரு கூந்தல் ஒப்பனை தோன்றியது. உயர்ந்த மாடங்கள் எழுந்தபொழுது, உயர்ந்த வீட்டைக் குறிக்கும் 'ஓனிலே கோகோரோ' என்னும் ஒப்பனை மகளிர் தலைமேல் எழுந்தது.

பள்ளி மாணவியர்க்கும் இதில் ஒழுங்குமுறை உண்டு. சில பள்ளிகளில் மாணவியர் தலைமயிரைக் குறுகக் கத்தரித்துக்கொள்ளுதல் வேண்டும். வேறு சில பள்ளிகளில், இந்த வாரத்திற்கு இன்ன பின்னல் என்று வகுத்து விடுகின்றனர். செல்வர் வீட்டுப் பெண்ணும் வறியவர் வீட்டுப் பெண்ணும் ஒரே பின்னலுடன் ஒரே வரிசையில் அமர்வர். வடக்கே வாழும் புலானி மகளிரோ, தம் பின்னல்களில் நாணயங்களையும் நிறமணிகளையும் கோத்து அணிதல் வழக்கம். அவர்கள் பால் நிறைந்த சுரைக்குடுக்கையைத் தலையில் ஏந்திச் சந்தைக்கு நடக்கும்பொழுது அம்மணிகள் அசைந்து ஒளிரும்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இவ்வழக்கங்களுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. நீண்டு படிந்த மயிரே நாகரிகம், சுருண்ட மயிர் நாகரிகமன்று என்னும் எண்ணம் கற்றவரிடையே பரவியது. சூடேற்றிய சீப்பால் மயிரை நீட்டிக்கொண்டோர் பலர். பொய்ம்முடி அணிந்தோர் பலர். இயற்கை அளித்த மயிரைக் கண்டு நாணும் நிலை ஒரு மனிதருக்கு வருமாயின், அதனினும் வருந்தத்தக்கது யாது? விடுதலைக்குப் பின்னர் மகளிர் பலர் தம் பழைய பின்னல் முறைகளை மீண்டும் விரும்பி ஏற்றனர். புதிய வடிவங்களையும் படைத்தனர்.

அவ்வடிவங்கள் அழியாதவாறு காத்தவர் ஒகாய் ஓஜெய்க்கேரே என்னும் ஒளிப்படக் கலைஞர். அவர் 1930ஆம் ஆண்டில் பிறந்தவர். கூந்தல் ஒப்பனை சில நாட்களில் கலைந்துவிடும். அதன் பின்னர் அதனைக் காண இயலாது. இதனை உணர்ந்த அவர் 1968ஆம் ஆண்டு முதல் தெருக்களிலும் விழாக்களிலும் தாம் கண்ட ஒப்பனைகளைப் படம்பிடிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஆயிரம் படங்கள் சேர்ந்தன. அவற்றுட் பல, பின்புறத்திலிருந்து எடுக்கப்பட்டவை. முகத்தைக் காட்டாமல் முடியைக் காட்டும் அப்படங்களைக் காண்போர், சிற்பங்களைக் கண்டாற்போல வியப்பர். 2014ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்; ஆயினும், பெயர் அறியப்படாத பெண்டிர் பலருடைய கைத்திறன் அவர் படங்களில் வாழ்கின்றது.

இனி, ஆடையைக் காண்போம். யோருபாப் பெண்டிர் இடையில் சுற்றும் துணி 'இரோ' எனப்படும். தளர்ந்த மேற்சட்டை 'பூபா' எனப்படும். தலையில் கட்டும் துணிக்குக் 'கேலே' என்பது பெயர். ஒரே துணியைப் பலவாறு மடித்தும் விரித்தும் மலர்போலவும் விசிறிபோலவும் அவர்கள் கட்டும் திறம் வியக்கத்தக்கது. விழாக்காலத்தில், குறுகிய பட்டைகளாக நெய்து இணைத்த 'அஷோ ஓக்கே' என்னும் கைத்தறித் துணியை அணிவர்.

அபேயோகுட்டா, இபாடான் முதலிய நகரங்களில் மகளிர் நீலச்சாயத் துணிகளை ஆக்குகின்றனர். அவற்றிற்கு 'அடிரே' என்பது பெயர். மரவள்ளிக் கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, கோழியிறகை அக்கூழில் தோய்த்து வெண்டுணியின்மேல் சித்திரம் தீட்டுவர். கூழ் உலர்ந்தபின் துணியைச் சாயத்தில் பலமுறை அமிழ்த்துவர். கூழ் பட்ட இடத்தில் சாயம் நன்கு ஏறாது. பின்னர்க் கூழைச் சுரண்டி நீக்கினால், கருநீலத்தின் இடையே வெளிறிய சித்திரம் விளங்கும். 'இபாடான் இனியது' என்னும் பொருளுடைய பெயர்பெற்ற துணியில், அந்நகரத்து மாப்போ மண்டபத்தின் தூண்கள் தீட்டப்பட்டிருக்கும். தம் ஊரின்மேல் வைத்த அன்பை அப்பெண்டிர் ஆடையாகவே உடுத்தினர்.

நைஜீரிய ஆடைக்கும் தமிழகத்திற்கும் தொடர்பு உண்டு என்பதை அறிந்து நாம் மகிழலாம். சென்னைப் பகுதியிலிருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணிகள் நெடுங்காலம் மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்றன. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அத்துணியை 'இஞ்சிரி' என்று அழைத்துப் பேழைகளில் போற்றி வைத்தனர். கலபாரிப் பெண்டிர் அத்துணியில் சில இழைகளைக் கூரிய கத்தியால் அறுத்து உருவி எடுத்து, தாம் விரும்பிய புதிய கோலத்தை அதில் தோற்றுவிப்பர். நெய்தவர் இங்கிருந்தார், கோலம் கண்டவர் அங்கிருந்தார். இக்போ மகளிர் விரும்பி அணியும் துணி ஒன்றிற்கு 'ஜார்ஜ்' என்பது பெயர். சென்னையிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டையே அப்பெயருக்குக் காரணம் என்பர்.

திருமணத்திலும் பிற விழாக்களிலும் உறவினரும் நண்பரும் ஒரே வகைத் துணியில் ஆடை அணிந்து வருதல் நைஜீரியாவில் பெருவழக்கு. இதனைக் குடும்ப ஆடை என்னும் பொருளில் 'அஷோ எபி' என்பர். ஒற்றுமைக்கு இது நல்ல அடையாளமே. ஆயினும், அத்துணியை வாங்கப் பொருளில்லாதோர் கடன்படுதலும், வாங்க இயலாதோர் விழாவிற்கு வர நாணுதலும் உண்டு. சேர்க்க வந்த ஆடையே சிலரை விலக்கவும் கூடும் என்று அந்நாட்டவரே எடுத்துக்கூறி வருகின்றனர்.

ஆடை மக்களைப் பிரிக்கவும் வல்லது, இணைக்கவும் வல்லது என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி அம்மையார். அவர் 1900ஆம் ஆண்டில் அபேயோகுட்டாவில் பிறந்தார். இங்கிலாந்து சென்று கல்வி கற்றார். நாடு திரும்பி ஆசிரியப் பணி புரிந்தார். முதலில் கற்ற மகளிரைக் கொண்ட கழகம் ஒன்றை நடத்தி வந்தார். பின்னர்ச் சந்தையில் வாணிகம் செய்யும் ஏழைப் பெண்டிரின் துன்பத்தை அறிந்தார். அவர்கள்மீது விதிக்கப்பட்ட வரி கொடுமையாக இருந்தது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு மகளிர் சங்கம் ஒன்றைக் கண்டார். ஆனால், மேனாட்டு உடை உடுத்த தம்மிடம் நெருங்க அப்பெண்டிர் தயங்குவதை உணர்ந்தார். உடனே அவ்வுடையைத் துறந்து, அவர்களைப் போலவே இரோவும் பூபாவும் அணியலானார். இனி, ஆடையைக் கண்டு உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று எவரும் பிரித்தறிதல் இயலாதாயிற்று. அயல்நாட்டார் கல்வியை அவர் ஏற்றார்; அயல்நாட்டார் உடையை ஏழையர் நட்பின்பொருட்டு விலக்கினார். ஆயிரக்கணக்கான மகளிர் அரண்மனை முன்னர்த் திரண்டு போராடினர். 1949ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நகரத்து மன்னர் அரியணையை விட்டு நீங்க நேர்ந்தது.

இன்று நைஜீரிய மகளிருள் மயிரை நீட்டிக்கொள்வோரும் உளர். பொய்ம்முடி அணிவோரும் உளர். இயற்கை முடியோடு உலவுவோரும் உளர். மேனாட்டு உடையில் அலுவலகம் செல்லும் பெண், விழா நாளில் கேலே கட்டி நிமிர்ந்து நடக்கின்றாள். எதனை அணிவது என்பது அவரவர் விருப்பம். ஆனால், பிறர் இகழ்வரே என்னும் அச்சத்தால் ஒன்றை அணிதல் வேறு. தானே விரும்பி அணிதல் வேறு. முன்னது அடிமைத்தனம், பின்னது உரிமை. தன்னை மதித்தலும், பிறரைத் தன்னோடு ஒப்ப மதித்தலுமே ஒப்பனையின் பயன். அப்பயனை நைஜீரிய மகளிர் தம் கூந்தலிலும் ஆடையிலும் நமக்கு விளங்கக் காட்டுகின்றனர்.