போஜொலே: பெயரில் மறைந்துபோன செவ்வொயின்

பிரெஞ்சு ஒயினின் விலையில் பெரும்பங்கு அது விளைந்த ஊரின் புகழுக்கே உரியது என்பதால், தனிக்குணமுள்ள செவ்வொயினைக் குறைந்த விலையில் நாடுவோர், மண்ணும் உழைப்பும் சிறந்திருந்தும் புகழ் வந்து சேராத ஊர்களைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. லியோன் நகருக்கு வடக்கே, பர்கண்டியின் தென்விளிம்பை ஒட்டிக் கிடக்கும் போஜொலே மலைச்சரிவுகள் அத்தகையவை.

அங்கு விளையும் செவ்வொயின் திராட்சை கமே. கறுத்த தோலும் வெளிர்ந்த சாறும் கொண்ட இது, முன்னதாகவே பழுத்து, மிகுதியாகக் காய்க்கும். அந்த மிகுவிளைச்சலே அதற்குப் பழியாக வந்து வாய்த்தது. பர்கண்டியின் கோமகன் துணிவுள்ள பிலிப் 1395-இல் கமே கொடிகளைத் தம் நாட்டிலிருந்து பிடுங்கியெறிய ஆணையிட, பினோ நுவார் திராட்சைக்கே அங்கு முதலிடம் கிடைத்தது. எனினும் போஜொலேயின் வடபகுதியில், கிரானைட் பாறை சிதைந்து உண்டான வளங்குன்றிய மண், கொடியின் விளைச்சலை அடக்கிப் பழத்தில் சுவையைச் செறிய வைக்கிறது.

இந்த ஒயினின் தன்மையில் பாதி மண்ணில் பிறக்கிறதென்றால், மறுபாதி தொட்டியில் பிறக்கிறது. செவ்வொயினுக்குரிய பழங்களைப் பெரும்பாலும் காம்பு நீக்கி நசுக்குவது வழக்கமாயிருக்க, போஜொலேயில் கையால் அறுத்த குலைகள் முழுதாகவே தொட்டியில் இடப்படுகின்றன. அடியிலுள்ள பழங்கள் மேற்பாரத்தால் நசுங்கிச் சாறு விட, அச்சாற்றை ஈஸ்ட் நொதிக்கச் செய்கையில் எழும் கரியமில வாயு, காற்றைவிடக் கனமானதால், தொட்டியை நிறைத்து ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. ஆக்சிஜன் அற்ற அந்நிலையில், மேலே உடையாதிருக்கும் ஒவ்வொரு பழத்தினுள்ளும், ஈஸ்டின் துணையின்றியே, பழத்தின் சொந்த நொதிகள், அதாவது உயிரணுவில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், சர்க்கரையில் ஒரு பங்கை ஆல்கஹாலாக மாற்றுகின்றன. பழத்தினுள் ஆல்கஹால் ஏறத்தாழ 2 விழுக்காட்டை எட்டுவதற்குள் புளிப்புத் தரும் மாலிக் அமிலம் குறைந்து, தோலின் நிறம் உள்ளிறங்கி, வெளிர்ந்த சதை சிவக்கத் தொடங்குகிறது. அப்போது ஒரு பழத்தை எடுத்துக் கடித்தால், உள்ளே கரைந்துள்ள வாயு நாக்கில் சுறுசுறுவென்று உறைக்கும். பின்னர் குலைகள் பிழியப்பட்டு, எஞ்சிய சர்க்கரையை ஈஸ்ட் நொதித்து முடிக்கிறது. தோல் ஆல்கஹாலில் நெடுநாள் ஊறாததால் டானின், அதாவது பாக்கை மெல்லும்போது நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்புப் பொருள், குறைவாகவே இறங்க, பழமணம் ஓங்கி நிற்கிறது.

இம்முறை வேகமாக முடியக்கூடியது என்பதே போஜொலேக்கு வாழ்வும் தாழ்வும் ஆயிற்று. அறுவடையாகிச் சில வாரங்களிலேயே, நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு வரும் 'நூவோ' எனும் புது ஒயின் உலகெங்கும் பரவியதில், போஜொலே என்றாலே இலேசான பானம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அதே மண்ணில் பொறுமையாக ஆக்கப்படும் ஒயின்களுக்கு இது பெரும் அநீதி. அங்கு 'க்ரூ' எனப்படும் தனித்தகுதி பெற்ற பகுதிகள் 10 உண்டு. இளஞ்சிவப்புக் கிரானைட்டில் விளையும் ஃப்ளோரி மலர்மணம் கமழ்வது. மூலான்-ஆ-வோன் திடமும் துவர்ப்பும் கூடியது. மோர்கோனின் பி குன்றில் விளைவதோ, நல்ல ஆண்டாயின், பத்தாண்டு கிடந்தாலும் கெடாமல் ஆழம் பெறுவது. வேதியியல் அறிந்த ஒயின் வணிகர் ஜூல் ஷோவேயின் வழியில், தோலிலுள்ள இயற்கை ஈஸ்டையே நம்பி, கந்தக டைஆக்சைடைக் கூடியவரை தவிர்த்து ஒயின் ஆக்கிய மார்செல் லாப்பியேர் மோர்கோன் ஊரார்தான்.

புட்டியின் ஒட்டுச்சீட்டில் இந்த ஊர்ப்பெயர்களே பெரிதாக நிற்க, போஜொலே என்ற சொல் பெரும்பாலும் காணப்படாது என்பதால், வாங்குவோர் ஊர்ப்பெயர்களை அறிந்திருத்தல் நலம். தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தால், அது பல தோட்டங்களின் ஒயினைக் கலந்து அடைத்ததன்று என்று கொள்ளலாம். பர்கண்டியின் பெயர்பெற்ற ஊர்களின் ஒயினுக்குக் கொடுக்கும் விலையில் சிறு பங்கே இதற்குப் போதும். பருகுமுன் புட்டியைச் சிறிது குளிர்வித்து, 14 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால், கமேயின் மணம் தெளிவாக எழும்.