மாட்டுக்கு எக்ஸ்ரே: பாலுக்குப் பயம் வேண்டாம், பிடிப்பவருக்குக் கவனம் வேண்டும்

கறவை மாடு கம்பியையோ ஆணியையோ விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதுண்டு. உடனே நம் உழவர்கள் கேட்பது, ‘எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும்? குழந்தைக்குக் கொடுக்கலாமா?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால், அதைவிட முக்கியமான ஒரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: படம் எடுக்கும்போது மாட்டைப் பிடித்து நிற்கப்போவது யார்?

கம்பி எப்படி உள்ளே போகிறது?

ஆடு தீவனத்தைப் பொறுக்கித் தின்னும். மாடோ நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். கட்டுக்கம்பித் துண்டு, ஆணி, சாக்குத் தைக்கும் ஊசி எல்லாம் தட்டையோடும் வைக்கோலோடும் உள்ளே போய்விடும். கனமான இரும்பு, தேன்கூடு போல இருக்கும் இரண்டாவது வயிற்றறையில் தங்குகிறது. அந்த அறைக்கு முன்னால், உதரவிதானத்தைத் தாண்டினால் இதயம். வயிறு சுருங்கி விரியும்போது கூரான முனை முன்பக்கமாகக் குத்தினால் உயிருக்கே ஆபத்து.

திடீரெனத் தீனி எடுக்காமல் பால் குறைவது, முதுகை வளைத்து முழங்கையை விரித்து நிற்பது, படுத்து எழும்போது முனகுவது, பள்ளத்தில் இறங்கத் தயங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். அலைதாடியில் நீர் கோத்து வீங்கினால் இதயம் பாதிக்கப்பட்டிருக்கலாம். நாள் கடத்தக் கூடாது. கம்பி எங்கே, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டினால், காந்தம் விழுங்க வைத்தால் போதுமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும். பாலித்தீன் பை எக்ஸ்ரேயில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவி வேலை செய்யும் விதம்

1895-ல் ஜெர்மனியின் ராண்ட்கென் கண்டுபிடித்த கதிர் இது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கம்பி இழையைச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் வெளிவரும். பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் அவற்றை வேகப்படுத்தி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறார்கள். மோதும் ஆற்றலில் சுமார் 99 சதவிகிதம் வெப்பமாகிவிடுகிறது. மிச்சம் ஒரு சதவிகிதம்தான் எக்ஸ்ரே. சதையை அது எளிதாகக் கடக்கும். எலும்பும் இரும்பும் தடுக்கும். அதனால் படத்தில் அவை வெள்ளையாகவும், நுரையீரல் போலக் காற்று நிறைந்த இடங்கள் கறுப்பாகவும் தெரிகின்றன.

டார்ச் விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தேங்கி நிற்பதில்லை. எக்ஸ்ரேயும் அப்படித்தான். பொத்தானை விட்டதும் கதிர் நின்றுவிடும். மாட்டின் உடலிலோ பாலிலோ சாணத்திலோ எதுவும் மிஞ்சாது. ஆகவே, எக்ஸ்ரேக்காகப் பாலைக் கொட்டத் தேவையில்லை. மாட்டை அசையாமல் நிறுத்த மயக்க மருந்தோ, சிகிச்சைக்கு ஆன்டிபயாட்டிக்கோ போட்டிருந்தால், அந்த மருந்துக்காக எத்தனை வேளைப் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பொத்தான் அழுத்திய அந்த நொடியில், பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது. மாட்டின் மேல் பட்ட கதிர் நாலாபுறமும் சிதறும். ஆட்டுக்காலுக்குக் கொஞ்சம் கதிர் போதும். மாட்டின் பருத்த உடலுக்கு நிறைய வேண்டும். சிதறலும் அதற்கேற்ப அதிகம். எக்ஸ்ரே வந்த புதிதில் தினமும் கையை நீட்டிப் பரிசோதித்தவர்கள் பலருக்குத் தோல் வெந்து, புற்றுநோய் வந்து, விரல்களையே எடுக்க நேர்ந்தது. ஒருமுறை பிடிப்பவருக்கு அப்படியெல்லாம் ஆகாது. ஆனாலும், தவிர்க்கக்கூடிய கதிரை வாங்கிக்கொள்வானேன்?

பாதுகாப்புக்கு மூன்று வழிகள்: நேரம், தூரம், தடுப்பு.

நேரம்: மாடு ஆடினால் படம் கலங்கும், மறுபடியும் எடுக்க வேண்டும். இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி இறுக்கிக் கட்டினாலோ, மருத்துவர் மயக்க ஊசி போட்டாலோ ஒரே தடவையில் முடியும்.

தூரம்: இதற்குச் செலவே இல்லை. 1 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் கதிரில் கால் பங்குதான் 2 மீட்டரில். 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. எனவே, மூக்கணாங்கயிற்றை ஒட்டிப் பிடிக்காமல் நீளமான கயிறு கட்டித் தள்ளி நில்லுங்கள்.

தடுப்பு: ஈய ஏப்ரன், கழுத்துப் பட்டை, கையுறை கேட்டு வாங்கி அணியுங்கள். இவை சிதறல் கதிருக்குத்தான். நேர்க் கதிர் பாயும் பாதையில் கையுறை போட்டும் கையை நீட்டக் கூடாது. படத் தகட்டைக் கையால் பிடிக்கச் சொன்னால், தாங்கியோ நீளக் கைப்பிடியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

கர்ப்பிணிகளும், கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைக்கும் பெண்களும், 18 வயது நிரம்பாதவர்களும் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. பல வீடுகளில் மாடு அடங்குவது பெண்களின் குரலுக்குத்தான். அதனால் அவர்களையே மருத்துவமனைக்கும் அனுப்புகிறோம். யாரை அனுப்புவது என்பதை வீட்டிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பை நம் நாட்டில் மேற்பார்வையிடும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் மும்பையில் தொடங்கப்பட்டது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. அங்கேயே வேலை செய்பவர்கள், வாங்கிய கதிரை அளக்கும் பட்டையைச் சட்டையில் அணிந்திருப்பார்கள். நமக்கு அந்தப் பட்டை இல்லை. தள்ளி நிற்பதுதான் நமக்குக் காவல்.

எல்லாவற்றுக்கும் மேல், எக்ஸ்ரே அறைக்கே போகாமல் இருப்பது நல்லது. வேலி கட்டி முடித்ததும் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். தட்டை வெட்டும் இயந்திரத்தின் வாயில் ஒரு காந்தத்தைப் பொருத்துங்கள். சாக்கு ஊசியை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: சினை மாட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கலாமா?

பதில்: சினை என்பதையும் எத்தனை மாதம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால், தேவையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: கால் ஒடிந்த ஆட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். கறிக்கு விற்கலாமா?

பதில்: எக்ஸ்ரேயால் கறிக்குக் கெடுதல் இல்லை. வலி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டிருந்தால், மருத்துவர் சொல்லும் நாள்கள் கழிந்த பிறகே விற்க வேண்டும்.

கேள்வி: ஏற்றுமதி மாம்பழத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்களாமே, அதுவும் எக்ஸ்ரேயா?

பதில்: மகாராஷ்டிரத்தின் லாசல்காவ் நிலையத்தில் கொடுப்பது கோபால்ட்-60 தரும் காமா கதிர். கொட்டை வண்டு போன்ற பூச்சிகள் பழத்தோடு போய்ப் பெருகாமல் தடுக்கத்தான் அது. 2007-ல் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குப் போனது இந்த முறையால்தான். பழத்துக்குள் கதிர் எதுவும் தங்காது, தைரியமாகச் சாப்பிடலாம்.