தட்கல் நேரமும் ரேமில் இருக்கும் இண்டெக்ஸும்

காலை 11 மணி. எறணாகுளம் பிராட்வேயில் வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில்தான் ஐஆர்சிடிசியில் ஏசி இல்லாத பெட்டிகளுக்கான தட்கல் திறக்கிறது. பொங்கலுக்குத் தஞ்சாவூர் போக காரைக்கால் எக்ஸ்பிரஸில் ஓர் இடம் கிடைக்காதா என்று துணிக்கடை ஊழியர் ஒருவர் கைப்பேசியைத் தட்டுகிறார். அதே நொடியில் நாடெங்கும் தட்டுகிறார்கள்.

2014 ஏப்ரல் வரை அந்தத் தளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 டிக்கெட்டிலேயே மூச்சுவாங்கியது. அந்த மாதம் வந்த புதிய அமைப்பின் திறன் 7,200. ரயில்வேயின் கணினி நிறுவனமான கிரிஸ், அடிக்கடி கேட்கப்படும் தரவுகளை ஜெம்ஃபயர் என்ற மென்பொருள் மூலம் ரேமிலேயே வைத்தது இதற்கு முக்கியக் காரணம்.

ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோநொடி. எஸ்எஸ்டியில் அதைப்போல் ஆயிரம் மடங்கு ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் லட்சம் மடங்கு.

அப்படியானால் எல்லாவற்றையும் ரேமில் போட்டுவிடலாமே? செலவு கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில், எந்த அடுக்கில் என்று சொல்லத் தெரிந்த கணக்குப்பிள்ளை கடையில் இருந்தால் போதும். சரக்கு முழுவதையும் கல்லாவுக்குப் பக்கத்தில் குவிக்க வேண்டாம். தரவுத்தளத்தில் அந்த வேலையைச் செய்வது இண்டெக்ஸ்.

பெரும்பாலான இண்டெக்ஸ்களின் அமைப்பு பி-ட்ரீ. போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கிய இது, 1972-ல் ஆய்விதழில் வெளியானது. இதன் கணக்கு வியக்க வைக்கும். மையெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பக்கம், அதாவது ஒரே மூச்சில் படிக்கும் துண்டு, 16 கிலோபைட். ஒரு பதிவுக்கு 16 பைட் என்று வைத்தால், பக்கத்துக்குச் சுமார் ஆயிரம் பதிவுகள். உச்சியில் ஒரு பக்கம், அதன்கீழ் ஆயிரம், அதற்கும் கீழ் பத்து லட்சம். மூன்றே படிகளில் 100 கோடிப் பதிவுகள்! மேலிரண்டு படிகளுக்கு வேண்டியதோ 16 மெகாபைட் சொச்சம். அதை மட்டும் ரேமில் வைத்தாலே, கடைசிப் படிக்காக ஒரே ஒருமுறை டிஸ்க்கைத் தொட்டால் போதும்.

சர்வரை நிறுத்தித் தொடங்கும்போதுதான் சங்கடம். ரேம் காலி, தேடல்களெல்லாம் டிஸ்க்குக்கே ஓடும். அதனால்தான் மையெஸ்கியூஎல் நிற்கும்போதே, அண்மையில் பயன்பட்ட பக்கங்களில் 25 சதவீதத்தின் பட்டியலை எழுதிவைத்து, எழுந்ததும் அவற்றை மீண்டும் ஏற்றுகிறது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு இத்தகைய வசதி 2018-ல், 11-ஆம் பதிப்போடு வந்தது.

இவ்விரண்டும் நிறுவியதும் தமக்கென எடுத்துக்கொள்ளும் ரேம் இடம் வழக்கமாக 128 மெகாபைட் மட்டுமே. கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. பில் போட நேரமாகிறது என்று புதிய சர்வர் வாங்கக் கிளம்பும்முன், அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.