உறங்குவது வேறு, காத்திருப்பது வேறு



சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள ஈசூன் இன்று அடுக்குமாடி வீடுகளின் ஊர். ரப்பர், அன்னாசித் தோட்டங்கள் நடத்திய லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் அப்படி ஆயிற்று.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். விடியுமுன் மரத்தைச் சீவி மங்கு வைத்தால், பால் வடியச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் வானம் கறுத்தால்? மங்கில் மழைநீர் விழுந்தால் அன்றைய உழைப்பு வீண். உடனே வாளியோடு ஓட வேண்டியதுதான்.

கணிப்பொறிக்கும் இதே சிக்கல் உண்டு. 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியை இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதில் 'ஸ்லீப்' என்றொரு கட்டளை. 60 என்று கொடுத்தால் நிரல் ஒரு நிமிடம் உறங்கும். இடையில் நாம் விசையைத் தட்டினால், அந்தத் தட்டல் தொலைந்துபோகாது. கணிப்பொறி அதை எடுத்து வைத்திருக்கும். ஆனால் நிரலோ நிமிடம் முடிந்த பிறகே அதைப் பார்க்கும். மழை விட்டபின் கண் விழித்தவன் கதைதான்!

'கண்ட்ரோல்' விசையோடு 'சி' விசையை அழுத்தினால் உறக்கம் கலையும். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க நிரலில் முன்னேற்பாடு இல்லையென்றால், நிரலே நின்றுவிடும். தட்டி எழுப்பச் சொன்னால் கட்டிலையே கவிழ்ப்பதா?

நல்ல வழி 'செலெக்ட்'. எதைக் கவனிக்க வேண்டும், அதிகம் போனால் எத்தனை நொடி என்று இரண்டையும் அதனிடம் சொல்லிவிடலாம். விசைப்பலகையைக் கவனி, 60 நொடி பொறு என்றால், எது முந்துகிறதோ அதோடு திரும்பிவரும். வெறுங்கையோடு வந்தால் நேரம் முடிந்தது என்று பொருள்; இல்லையேல் தட்டியதைப் படித்துக்கொள்ளலாம். சாதாரணமாக 'என்டர்' விசையை அழுத்திய பிறகே தட்டியது நிரலுக்குப் போய்ச் சேரும். பிள்ளைகள் பலர் இதை மறந்துவிட்டு நிரலைக் குறை சொல்வார்கள்.

லினக்ஸில் இது நடக்கும். விண்டோஸில் 'செலெக்ட்' விசைப்பலகையைக் கவனிக்காது. அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு உறங்கி, விசை தட்டப்பட்டதா என்று 'கேபிஹிட்' கட்டளையால் பார்த்து, மீண்டும் உறங்க வேண்டும். எத்தனை முறை உறங்கினோம் என்று எண்ணி நேரத்தைக் கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் சிறிது பிந்தும், நிமிடம் நீண்டுவிடும். தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தையே பார்க்க வேண்டும்.